வாணிகத் தடையும் மனித உரிமையும் : நேட்டால் முதல் கல்வராயன் மலை வரை

தோற்றுவாய்

கள்ளக்குறிச்சி இன்று கரும்பு விளையும் நாடு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு ஆலைகள் அவ்வட்டாரக் கரும்பைப் பிழிந்து சருக்கரை ஆக்குகின்றன. அதே கரும்பின்பொருட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தமிழகத்து உழவர் பலர் கடல் கடந்து சென்றனர். அவர்கள் சென்ற இடங்களுள் ஒன்று தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள நேட்டால். அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களின் பதிவேடுகள் இன்றும் உள்ளன. எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று வரிசை வரிசையாக அமைந்த அப்பதிவேடுகளில், ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாகத் தென்னார்க்காடும் இடம் பெறுகின்றது. கள்ளக்குறிச்சி அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாலுகா. 1993 இல் விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாகி, 2019 இல் தனி மாவட்டமாயிற்று.

ஒரு நாட்டு அரசு தன் ஆட்சிக்குட்பட்ட மக்களைக் கொடுமைப்படுத்தும்போது, பிறிதொரு நாடு அதனோடு கொண்ட வாணிக உறவை நிறுத்தி அம்மக்களுக்கு உரிமை ஈட்டித் தருதல் இயலுமா என்னும் வினா இக்காலத்தில் உலகெங்கும் எழுகின்றது. இவ்வினா புதியதென்று கருதுவார் உளர். நேட்டாலுக்குச் சென்ற தமிழரின் வரலாற்றை நோக்கின், 1871 தொடங்கியே இது நம் மக்களைப் பற்றிய வினாவாக இருந்து வந்துள்ளமை புலனாகும். அவ்வரலாற்றில் இந்தியா மும்முறை தன் வாணிகத்தை மறுத்தது. மூன்றின் பயனும் ஒரு தன்மையன அல்ல. அவ்வேறுபாட்டின் காரணத்தைக் காண்பதும், அது கள்ளக்குறிச்சியை அடுத்துள்ள கல்வராயன் மலையின் வரலாற்றோடு எங்ஙனம் தொடர்புறுகின்றது என்பதைக் காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆள் ஏற்றுமதி என்னும் வாணிகம்

மக்கள் குடிபெயர்தலை வாணிகம் என்று கூறுதல் பொருந்துமா என்னும் ஐயம் முதற்கண் எழக்கூடும். ஒப்பந்தக் கூலிமுறையின் அமைப்பை அறிந்தார்க்கு இவ்வையம் நில்லாது. நேட்டால் அரசு சென்னையில் ஒரு முகவரை அமர்த்தியது. முகவர்க்குக் கீழ் ஆள் திரட்டுவோர் ஊர்தோறும் சென்றனர். திரட்டிய ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அவர்கட்குத் தரகு கிடைத்தது. திரட்டப்பட்டோர் சென்னையிலுள்ள டிப்போவில் தங்கவைக்கப்பெற்று, மருத்துவர் பார்த்துத் தேர்ந்த பின் கப்பலேற்றப்பட்டனர். எத்துணை ஆள் வேண்டும் என்பதைத் தோட்ட முதலாளிகள் முன்கூட்டியே எழுதி அனுப்பினர். கேட்பும் வழங்கலும் விலையும் தரகும் உள்ள ஒன்றை வாணிகம் என்னாது வேறு என்னென்பது? இவ்வாணிகத்தின் சரக்கு மனிதனின் ஐந்தாண்டு உழைப்பு.

1859 இல் நேட்டால் சட்டமன்றம் இதற்கு வழி வகுத்தது. 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்று, 1860 நவம்பர் 16 ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அது தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் தொகை 1,52,184. அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறை வழியாகச் சென்றவர். தமிழரும் தெலுங்கருமாகிய இவர்கள் வறட்சியாலும் கடனாலும் நிலமின்மையாலும் வீட்டை விட்டு வெளியேறியோர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் இவ்வோட்டத்தை விரைவுபடுத்தியது.

தோட்டக்காரர் இத்துணைத் தொலைவிலிருந்து ஆள் வருவித்தது ஏன் என்பது இவண் கருதத்தக்கது. நேட்டாலின் மண்ணின் மக்களாகிய சூலுக்கள் தமக்கென நிலமும் ஆநிரையும் உடையவர். தோட்டக்காரர் தந்த கூலிக்கு, அவர் விதித்த கட்டுப்பாட்டில், ஆண்டு முழுதும் உழைக்க அவர்கள் உடன்படவில்லை. ஆதலின் கரும்புத் தொழில் இந்தியத் தொழிலாளரையே நம்பி நின்றது. இந்தியா அவர்களை அனுப்ப மறுப்பின் அத்தொழிலுக்கு வேறு புகல் எளிதில் இல்லை. பின்னர் வரும் நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்ள இவ்வுண்மை திறவுகோலாகும்.

முதல் மறுப்பு : 1871-1874

நேட்டாலில் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டமையால் 1866 இல் ஆள் வருவித்தல் நின்றது. அதற்குள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்குச் சென்றிருந்தனர். பத்தாண்டு தங்கியவர்க்கு இலவசமாகத் திரும்பும் உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பெற்ற முதற் கூட்டத்தினர், 'ரெட் ரைடிங் ஹூட்', 'உம்வோட்டி' என்னும் இரு கப்பல்களில் 1871 இல் சென்னைக்கு மீண்டனர்.

கரை இறங்கியவர்கள் வாளா வீடு திரும்பவில்லை. தாம் பட்ட துன்பங்களை அதிகாரிகளிடம் முறையிட்டனர். தோட்டங்களில் சவுக்கடி பட்டமை, கூலி நிறுத்திவைக்கப்பட்டமை, ஒரு நாள் வேலைக்கு வாராதொழிந்தால் இரு நாட் கூலி பிடித்தமை, நோயுற்றபோது கவனிப்பின்றிக் கிடந்தமை ஆகியவை அம்முறையீட்டின் பொருளாக இருந்தன. அவை எழுத்தில் பதியப்பெற்று இந்திய அரசுக்குச் சென்றன.

இதற்குள் நேட்டாலில் நெருக்கடி நீங்கியது. தோட்டக்காரர்க்கு மீண்டும் ஆள் தேவைப்பட்டது. முறையீடுகளை ஆராய்ந்து குறைகளைக் களைந்தாலன்றி ஆள் அனுப்புதற்கு இசைவு தர இயலாது என்று இந்திய அரசு கூறிற்று. நேட்டால் அரசு 1872 இல் காலவே, லாயிட் என்னும் இருவரைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. அவ்வாண்டிலேயே புதுச் சட்டமும் பிறந்தது. தொழில் ஒப்பந்தத்தை மீறினார் என்பதற்காகச் சவுக்கால் அடித்தல் நீக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளர்க்கெனக் காப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. இவற்றின் பின் 1874 இல் கப்பல்கள் மீண்டும் புறப்பட்டன.

இந்நிகழ்ச்சியில் இரண்டு கூறுகள் நோக்கற்பாலன. முதலாவது, மறுக்கப்பட்டது எதிர்த் தரப்பினர்க்கு இன்றியமையாத ஒன்று. இரண்டாவது, மறுப்புக்கு அடிப்படையாய் அமைந்தது துன்புற்றோரின் வாய்மொழி. எழுதப் படிக்க அறியாத கூலியாட்கள் சென்னைத் துறைமுகத்தில் நின்று கூறிய சொற்கள் ஒரு குடியேற்ற நாட்டின் சட்டத்தை மாற்றின. இந்தியாவை ஆண்டதும் நேட்டாலை ஆண்டதும் ஒரே முடியாயிருந்தும், இரு அரசுகளுக்கிடையே இவ்வழுத்தம் இயன்றமை வியத்தற்குரியது.

காப்பாளர் நியமனத்தால் தோட்டங்களில் கொடுமை ஒழிந்துவிட்டதென்று கொள்ளுதல் தவறு. காப்பாளர் பலகாலும் தோட்டக்காரர் பக்கமே சாய்ந்தனர் என்பதற்குச் சான்றுகள் உள. சட்டம் மாறியது என்பதும் வாழ்வு மாறியது என்பதும் ஒன்றாகா.

நழுவவிட்ட கருவி : மூன்று பவுன் வரி

தன் கையிலுள்ள கருவியின் ஆற்றலை அறிந்த இந்திய அரசு, அதனை இருபதாண்டுகட்குப் பின் தானே நழுவவிட்டது. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர் நேட்டாலிலேயே தங்கிக் காய்கறி பயிரிட்டும் சிறு வாணிகம் நடத்தியும் தலையெடுத்தனர். அது வெள்ளையர்க்குப் பொறுக்கவில்லை. பின்ஸ், மேசன் என்னும் இருவர் நேட்டால் அரசின் தூதராக இந்தியா வந்தனர். ஒப்பந்தம் முடிந்தோர் தாய்நாடு திரும்புதல் வேண்டும். திரும்பாதோர் ஆண்டுதோறும் பெருந்தொகை வரியாகச் செலுத்துதல் வேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். முதலில் கருதிய தொகை 25 பவுன். அரசப் பிரதிநிதி எல்ஜின் பிரபு அத்தொகையை ஏற்காது மூன்று பவுனுக்கு இசைந்தார். 1895 இல் நேட்டால் அதனைச் சட்டமாக்கியது. 1894 இல் தோன்றிய நேட்டால் இந்தியக் காங்கிரசின் சார்பில் காந்தியடிகள் இதனைக் கடுமையாக எதிர்த்தார்.

மூன்று பவுன் என்பது இன்று சிறுதொகையாகத் தோன்றலாம். ஒப்பந்தத் தொழிலாளியின் முதலாண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் அறுபது ஷில்லிங்குக்குச் சமம். ஆகவே, ஓராண்டு வரி ஆறு மாதக் கூலியாயிற்று. 1903 இல் இவ்வரி பதினாறு அகவை நிரம்பிய ஆண்மக்கள் மீதும் பதின்மூன்று அகவை நிரம்பிய பெண்மக்கள் மீதும் நீண்டது. கணவன், மனைவி, வளர்ந்த மக்கள் இருவர் உள்ள குடும்பத்துக்குப் பன்னிரண்டு பவுன். அதனைச் செலுத்த இயலாதவன் தாய்நாடு திரும்புதல் வேண்டும். அன்றேல் மீண்டும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடல் வேண்டும்.

1895 இல் இந்திய அரசு, வரியை நீக்கினாலன்றி ஆள் அனுப்பேன் என்று கூறியிருப்பின் நேட்டால் என்ன செய்திருக்கும்? 1874 இன் அனுபவம் விடை கூறுகின்றது. கருவி இருந்தது, அதனை எடுக்கும் மனம் இல்லை. மறுப்பின் வலிமை மறுக்கும் அரசின் உறுதியைப் பொறுத்தது என்பதற்கு இது எதிர்மறைச் சான்றாகும்.

இரண்டாம் மறுப்பு : 1911

பின்னர் வந்த ஆண்டுகளில் டிரான்ஸ்வாலிலும் போராட்டம் மூண்டது. அதில் ஈடுபட்டவருள் தமிழர் மிகப் பலர். சிறைப்பட்டு 1909 இல் உயிர் நீத்த நாகப்பனும், கரையிறங்க விடாது அலைக்கழிக்கப்பட்டு 1910 இல் டெலகோவா விரிகுடாவில் மாண்ட நாராயணசாமியும் அவருள் இருவர். 1910 இல் நாடு கடத்தப்பட்டோர் பலர் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது, ஜி. ஏ. நடேசன் அவர்கட்கு உணவும் உறையுளும் அளித்துப் புரந்தார். 1909 இல் இந்தியா வந்த ஹென்றி போலக்கின் நூலையும் அவரே வெளியிட்டார். நாற்பதாண்டுக்கு முன் போலவே இப்போதும் சென்னைத் துறைமுகமே துன்புற்றோர் குரல் முதலில் கேட்ட இடமாயிற்று.

1910 பிப்ரவரி 25 ஆம் நாள், இந்தியச் சட்டமன்றத்தில் கோபாலகிருஷ்ண கோகலே, நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை அனுப்புதலைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். அரசு அதனை ஏற்றது. 1911 சூலை முதல் நாளிலிருந்து ஆள் அனுப்புதல் நின்றது. அதற்குச் சற்று முன்னர் நேட்டால் அரசு அமைத்த கிளேட்டன் குழு, இந்தியத் தொழிலாளரின்றிக் கரும்பு முதலிய தொழில்கள் நடவா என்று 1909 இல் அறிவித்திருந்தது. எனவே, இம்மறுப்பும் இன்றியமையாத பொருளையே மறுத்ததாகும்.

ஆயினும் 1872 இற்போல் உடனே பயன் விளையவில்லை. மூன்று பவுன் வரி நீங்காது நின்றது. காரணம் யாது? 1910 இல் நான்கு குடியேற்றங்களும் இணைந்து தென்னாப்பிரிக்க யூனியன் ஆயின. நேட்டால் தோட்டக்காரரின் தேவை யூனியன் அரசின் பல கவலைகளுள் ஒன்றாகச் சுருங்கிற்று. அன்றியும், புது ஆள் வாராத நிலையில், உள்ளவர்களை மீண்டும் ஒப்பந்தத்தில் பிணிக்கும் கயிறாக அவ்வரி தோட்டக்காரர்க்கு முன்னினும் மிகுதியாகப் பயன்பட்டது என்று கருத இடமுண்டு. துன்பத்தை நீக்கக் கருதிய தடை, ஒரு வகையில் துன்பத்தின் கட்டை இறுக்கியது. வாணிகத் தடையை ஆராய்வோர் இதனை மறத்தலாகாது.

1912 இல் கோகலே தென்னாப்பிரிக்கா சென்றார். வரி நீங்கும் என்று தமக்கு உறுதி தரப்பட்டதாக அவர் கருதினார். அமைச்சர்கள் பின்னர் அதனை மறுத்தனர். 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்களைத் தூண்டி எழுப்பியவர் டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற பெண்டிர். அவருள் பெரும்பாலார் தமிழர். நவம்பர் 6 ஆம் நாள் 2,037 ஆடவரும் 127 மகளிரும் 57 குழந்தைகளும் எல்லை நோக்கி நடந்தனர். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்கட்கும் பரவிற்று. அம்மாதத்திலேயே அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு சென்னையில் பேசுகையில், போராடுவோர்பால் தம் பரிவை வெளிப்படையாகத் தெரிவித்தார். சாலமன் விசாரணைக் குழு வரியை நீக்குமாறு பரிந்துரைத்தது. 1914 இல் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் வரியை ஒழித்தது. அதனைக் காணாமலே, சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 இல் பதினாறு அகவையில் மறைந்தார்.

வரியை ஒழித்தது தடையா, போராட்டமா என்று வினவின், போராட்டமே என்பது தெளிவு. எனினும் தடைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 1911 க்குப் பின் நேட்டாலில் இருந்த ஒவ்வோர் இந்தியத் தொழிலாளியும் ஈடு செய்ய இயலாதவன் ஆனான். வேலைநிறுத்தம் செய்வோரை நீக்கிவிட்டுப் புதியோரைக் கப்பலில் இறக்குதல் இனி இயலாது. தடை, உள்ளிருந்து போராடுவோரின் கைக்கு வலுவூட்டியது. அவர்கள் எழாதிருப்பின் அவ்வலு பயன்பட்டிராது.

இம்முறையின் கொடுமை பிற நாடுகளிலும் இருந்தமை தமிழ் இலக்கியம் அறிந்ததே. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்டிரைப் பாடியுள்ளார். 1917 இல் ஒப்பந்தத் தொழிலாளரை எந்நாட்டுக்கும் அனுப்புதல் நின்றது.

மூன்றாம் மறுப்பு : 1946

முப்பதாண்டுகட்குப் பின் மூன்றாம் மறுப்பு நிகழ்ந்தது. 1946 சூன் திங்களில் தென்னாப்பிரிக்க அரசு, இந்தியர் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தனி வட்டாரங்களை வரையறுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 'சேரிச் சட்டம்' என்று இந்தியர் அதனை இகழ்ந்தனர். சூன் 13 இல் டர்பனில் சாத்துவிக எதிர்ப்புத் தொடங்கிற்று. நேட்டாலில் அதற்குத் தலைமை தாங்கியவர் தமிழ்க்குடியில் தோன்றிய மருத்துவர் மாண்டி நாயக்கர். டிரான்ஸ்வாலில் மருத்துவர் யூசுப் தாதூ. ஈராண்டுகளில் ஏறத்தாழ இரண்டாயிரவர் சிறை புகுந்தனர்.

இந்திய அரசு வாணிக உடன்படிக்கையை முறித்து, 1946 சூலை 17 முதல் தென்னாப்பிரிக்காவோடு கொண்ட வாணிகத்தை முற்றும் தடுத்தது. நாட்டு விடுதலைக்கு ஓராண்டுக்கு முன்பே இது நிகழ்ந்தது. இன ஒதுக்கலை முன்னிட்டுத் தென்னாப்பிரிக்காவோடு வாணிகத்தை நிறுத்திய முதல் நாடு இந்தியாவே. இந்தியாவின் ஏற்றுமதியில் நூற்றுக்கு ஐந்துக்கும் சற்று மேற்பட்ட பங்கு அந்நாட்டுக்குச் சென்று கொண்டிருந்தது. சணற்பைகள் அதில் முதன்மையானவை. வறிய நாடு ஒன்று இவ்விழப்பை விரும்பி ஏற்றது.

அதே ஆண்டில் இந்தியா இவ்வழக்கை ஐக்கிய நாடுகள் அவைக்கும் கொண்டு சென்றது. விசயலட்சுமி பண்டிட் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். எதிரே தென்னாப்பிரிக்கத் தலைமை அமைச்சர் ஸ்மட்ஸ் இருந்தார். 1914 இல் காந்தியடிகளோடு உடன்பாடு செய்தவர் அவரே. இஃது உள்நாட்டு வினை. பிறர் தலையிடலாகாது என்பது அவர் வாதம். டிசம்பர் 8 ஆம் நாள் 32 வாக்குகள் சார்பாகவும் 15 எதிராகவும் விழ, ஏழு நாடுகள் வாக்களியாது இருக்க, இந்தியாவின் நிலையை ஏற்கும் தீர்மானம் நிறைவேறிற்று.

இத்தடையால் தென்னாப்பிரிக்க அரசின் போக்கு மாறியதோ எனின், மாறவில்லை. 1948 இல் தேசியக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றி இன ஒதுக்கலைக் கொள்கையாகவே வகுத்தது. 1950 இன் குழுவாரி வட்டாரச் சட்டம் 1946 இன் சட்டத்தினும் கொடிதாயிற்று. காரணம் வெளிப்படை. பண்டம் உழைப்பைப் போன்றதன்று. ஒரு துறையில் கிடைக்காத சரக்கு பிறிதொரு துறையில் கிடைக்கும். பிரித்தானியா முதலிய பெருநாடுகள் வாணிகத்தைத் தொடர்ந்தன. தடையின் சுமையோ அரிசியும் பருப்பும் துணியும் இந்தியாவிலிருந்து வருவித்த தென்னாப்பிரிக்க இந்திய வணிகர் மீதும் விழுந்தது.

அங்ஙனமாயின் 1946 இன் தடை பயனற்றதா? அன்று. தனித்து நின்ற அத்தடை பிற நாடுகள் பின்பற்றும் முன்மாதிரியாயிற்று. 1962 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை, தென்னாப்பிரிக்கப் பண்டங்களைப் புறக்கணிக்குமாறு உறுப்பு நாடுகளை வேண்டியது. 1977 இல் பாதுகாப்பு அவை படைக்கல வாணிகத்தைக் கட்டாயமாகத் தடுத்தது. 1985 இல் அமெரிக்க வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தன. 1986 இல் அமெரிக்கப் பேராயம் குடியரசுத் தலைவரின் மறுப்பையும் மீறித் தடைச் சட்டம் இயற்றியது. இவையெல்லாம் நிகழ்ந்த காலத்தில் நாட்டினுள் சொவெட்டோ எழுச்சியும் (1976) பின்வந்த மக்கள் இயக்கங்களும் ஓங்கின. உள்ளும் புறமும் ஒருங்கே அழுத்திய பின்னரே கட்டு நெகிழ்ந்தது. 1993 இல் இந்தியா தன் தடையை நீக்கியது. 1994 இல் அனைவரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் நாற்பத்தேழு.

மூன்றையும் ஒப்புநோக்கல்

மேற்கூறிய மூன்றையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் பெறப்படும். மறுக்கப்படுவது எதிர்த் தரப்பினர்க்கு வேறிடத்தில் கிடைக்காததாயின் பயன் விரைவில் விளையும். கிடைப்பதாயின், பலர் கூடினாலன்றி விளையாது. துன்புறுவோர் தாமே எழாத இடத்துப் புறத்து மறுப்பு உள்ளத்தே வேர் கொள்ளாது. சிலபோது அவர் சுமையையே மிகுவிக்கும். மறுக்கும் அரசு தன் இழப்பை ஏற்கும் உறுதியோடு நின்றாலன்றிக் கருவி கையிலிருந்தும் இல்லாததாகும்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இவற்றை உறுதி செய்கின்றது. இலங்கையில் மனித உரிமை காக்கப்படவில்லை என்று கூறி, ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டுக்கு அளித்திருந்த சிறப்புச் சுங்கச் சலுகையை 2010 ஆகஸ்டில் நிறுத்தியது. 2011 சூன் 8 இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்குமாறு நடுவணரசை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. ஐரோப்பியச் சந்தையை நம்பி நின்ற ஆடைத் தொழிலுக்கு இழப்பு நேர்ந்தும், அன்றைய இலங்கை அரசு பணியவில்லை. 2015 இல் இலங்கை மக்களின் வாக்கால் ஆட்சி மாறிய பின்னரே பேச்சுத் தொடர்ந்தது. 2017 மே திங்களில் சலுகை மீண்டது. வெளிநாடு ஒன்றின் அழுத்தம் கதவைத் தட்டலாம், திறப்பவர் உள்ளிருப்போரே.

கல்வராயன் மலை எழுப்பும் வினா

நான்காவது உண்மை ஒன்றும் உண்டு. அதனைக் காண மீண்டும் கள்ளக்குறிச்சிக்கு வருதல் வேண்டும். 1946 இல் ஐக்கிய நாடுகள் அவையில் தென்னாப்பிரிக்கத் தரப்பினர், இந்தியாவில் நிலவும் சாதி வேற்றுமைகளை எடுத்துக்காட்டித் திருப்பித் தாக்கினர். தம் குற்றத்தை மறைக்கும் சூழ்ச்சி அது என்பதில் ஐயமில்லை. எனினும், சூழ்ச்சியாகக் கூறப்பட்டது என்பதால் ஓர் உண்மை பொய்யாகிவிடாது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுவது கல்வராயன் மலை. கோமுகி ஆறு அதில் தோன்றிக் கீழிறங்குகின்றது. வெள்ளிமலை அதன் தலையூர். அங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயர் அவ்வாறாயினும் அவர் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் குடிபெயர்ந்தனர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூவர் பெயரால் வழங்கிய மூன்று ஜாகிர்களாக அம்மலை பிரிந்து கிடந்தது. வெள்ளையராட்சி அவ்வமைப்பைத் தொடாது விட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னும் அது நிலைத்தது. மலைமக்கள் ஜாகிர்தார்களுக்கு வரி செலுத்தியும், ஊதியமின்றி அவர்தம் நிலங்களில் உழைத்தும் வாழ்ந்தனர். 1976 இல்தான் ஜாகிர்முறை ஒழிந்து மலை அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அவ்வாண்டிலேயே.

ஆண்டுகளை அருகருகே வைத்து நோக்குக. 1872 இல் நேட்டாலில் தொழிலாளரைச் சவுக்கால் அடித்தல் சட்டப்படி நின்றது. 1917 இல் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறுவது நின்றது. 1946 இல் அயல்நாட்டின் அநீதிக்காக நம் ஏற்றுமதியில் ஒரு பங்கை இழந்தோம். அவ்வாண்டிலிருந்து மேலும் முப்பதாண்டு, டர்பனுக்கு ஆள் திரட்டிய தென்னார்க்காட்டின் மலையொன்றில் ஊதியமில்லா உழைப்பு நின்றபாடில்லை. இவ்விரு வரலாறுகளையும் ஒன்றென்று கூறுதல் கருத்தன்று. ஒப்பந்தக் கூலிமுறை வேறு, ஜாகிர்முறை வேறு. நேட்டாலில் சட்டமே கொடுமை செய்தது; மலையிலோ சட்டம் எட்டாமையால் கொடுமை நீடித்தது. ஆயினும் உழைத்தவன் முதுகுக்கு இவ்வேறுபாடு பெரிதன்று.

மலையின் மக்கட்கு ஏன் எவரும் சென்னைத் துறைமுகத்தில் நின்று முறையிடவில்லை? அவர்கள் உழைப்பு எந்நாட்டுச் சந்தைக்கும் நேரே செல்லவில்லை. அதனை மறுக்க ஓர் அயலரசும் இல்லை. பதிவேட்டில் அவர் பெயரை எழுதி வைப்பாரும் இல்லை. கப்பலேறியவனின் பெயரும் ஊரும் உடலடையாளமும் டர்பனில் இன்றும் எழுத்தில் உள. மலையில் வெட்டிக்கு உழைத்தவனின் பெயர் எங்கும் இல்லை. வாணிகத்தின் வழியாக உரிமை கேட்கும் முறையின் எல்லை இதனால் விளங்கும். வாணிகம் தொடும் இடத்தையே அக்கருவி தொடும். வாணிகம் தொடாத மலைக்கு அண்டை அயலாரின் மனச்சான்றும் உள்நாட்டுச் சட்டமும் மட்டுமே துணை. 2024 இல் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலையை ஆராயத் தலைப்பட்டது. பெருந்துயர் ஒன்று நேர்ந்தாலன்றி மலையை நோக்கித் தலை நிமிராத நம் வழக்கம் இன்னும் மாறவில்லை.

முடிவுரை

இவற்றால், அயலான் செய்யும் அநீதியைத் தட்டிக்கேட்க நம் வீட்டைத் தூய்மை செய்து முடிக்கும்வரை காத்திருத்தல் வேண்டும் என்பது பெறப்படாது. அங்ஙனம் காத்திருப்பின் எந்நாடும் எக்காலத்தும் எவர்க்காகவும் வாய் திறத்தல் இயலாது. 1946 இல் இந்தியா வாய் திறந்தது நன்றே. பெறப்படுவது வேறு. பிறர்க்கு எதிராக எடுத்த அளவுகோலை நமக்கும் வைத்துப் பார்த்தல் அக்கோலுக்கு வலிமை சேர்க்கும். வைத்துப் பாராமை எதிரியின் வாதத்துக்கு வலிமை சேர்க்கும்.

ஆய்வாளர் செய்யத்தக்க பணி ஒன்றும் இவண் உண்டு. நேட்டால் கப்பற் பதிவேடுகளில் தென்னார்க்காட்டுத் தாலுகாக்களும் ஊர்களும் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் கள்ளக்குறிச்சி வட்டாரத்து ஊர்களைத் தேர்ந்து தொகுத்தல் வேண்டும். அதனோடு, 1976 க்கு முந்திய வாழ்வை நினைவிற் கொண்டுள்ள கல்வராயன் மலை முதியோரின் வாய்மொழிகளையும் கேட்டு எழுதுதல் வேண்டும். முன்னையது ஏட்டில் உள்ளது, காத்திருக்கும். பின்னையது மூத்தோர் நினைவில் மட்டும் உள்ளது; அவர் மறையின் அதுவும் உடன்மறையும். 1871 இல் கரையிறங்கிய கூலியாட்களின் சொல்லை எழுதிக்கொள்ள ஓர் அதிகாரி இருந்தமையால் ஒரு சட்டம் மாறியது. மலைமக்களின் சொல்லை எழுதிக்கொள்வார் இன்னும் வேண்டப்படுகின்றனர்.